நண்பகல் இரயிலும் பாலை நீரும்: இரு வெஸ்டர்ன் திரைப்படங்களில் நிலம், பொழுது, நீராவி எஞ்சின்

முன்னுரை

திரைப்படம் பற்றிய தமிழ் ஆய்வுகள் கதை, உரையாடல், பாடல், நடிப்பு ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளன. படம் எடுக்கப்பட்ட இடமும் அவ்விடத்தில் இயங்கும் பொருள்களும் ‘பின்னணி’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சங்கப் பாடலை வாசிக்கத் தொடங்கும்போது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்ளும் நாம், திரைப்படத்தைக் காணும்போது அவற்றைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுகிறோம். இம்முரண்பாடே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்தது.

அமெரிக்க மேற்குப் பகுதியின் 19ஆம் நூற்றாண்டு வாழ்வைக் களமாகக் கொண்ட ‘வெஸ்டர்ன்’ படங்களைத் தமிழ்ப் பார்வையாளர் ‘கௌபாய் படங்கள்’ என வழங்குவர். இவ்வகைப் படங்களில் நிலம் பெரிது, மனிதர் சிலர், இவ்விரண்டுக்கும் இடையில் இரயில் வந்து நிற்கிறது. பழங்காலத்தைக் காட்டும் இப்படங்களில் இடம்பெறும் நீராவி எஞ்சின்களைக் குறித்து இரண்டு அணுகுமுறைகள் உள்ளன. முதலாவது, பிழை காணும் அணுகுமுறை. எஞ்சின் எந்த ஆண்டில் செய்யப்பட்டது, தண்டவாளத்தின் அகலம் என்ன, காட்டப்படும் மலை கதை நிகழும் மாநிலத்தில் உண்டா என்று இது கணக்கெடுக்கும். இரண்டாவது, ‘கலைக்கு இவையெல்லாம் தேவையில்லை’ என்று ஒதுக்கும் அணுகுமுறை. இவை இரண்டும் போதாதவை. இடமும் எஞ்சினும் படத்தின் உரிப்பொருளைத் தாங்குகின்றனவா என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. ஃபிரெட் ஜின்னமன் இயக்கிய ‘ஹை நூன்’ (1952), செர்ஜியோ லியோனி இயக்கிய ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்’ (1968) ஆகிய இரு படங்களைக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

அகத்திணைக் கோட்பாடு இங்கு ஒரு வாசிப்புக் கருவியாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவ்விரு இயக்குநர்களும் அதனை அறிந்திருந்தனர் என்றோ, அக்கோட்பாடு அமெரிக்க நிலத்திற்கு அப்படியே பொருந்தும் என்றோ இக்கட்டுரை கூறவில்லை. நிலம், பொழுது, கரு, உரி என்னும் பகுப்பு, படத்தின் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன என்பதைக் காண உதவுகிறது. அவ்வளவே அதன் பயன்.

மெய்ம்மை என்னும் உரிமைகோரல்

இரயிலைக் காட்டும் வெஸ்டர்ன் படங்கள் தொடக்கம் முதலே ‘இது மெய்யானது’ என்று உரிமை கோரி வந்துள்ளன. ஜான் ஃபோர்டு 1924இல் இயக்கிய ‘தி அயர்ன் ஹார்ஸ்’ என்னும் மௌனப் படம் இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதை 1869 மே 10இல் யூட்டா பகுதியின் பிராமன்டரி என்னுமிடத்தில் நிறைவுற்றது. அன்று எதிரெதிரே வந்து நின்ற எஞ்சின்கள் ‘ஜூப்பிட்டர்’, ‘119’ ஆகிய இரண்டும். தம் படத்தில் தோன்றுபவை அதே எஞ்சின்கள்தாம் என்று ஃபோர்டின் படம் எழுத்துவடிவில் அறிவித்தது. உண்மையில் 119 என்னும் எஞ்சின் 1903இலும், ஜூப்பிட்டர் 1909இலும் உடைத்துப் பழைய இரும்பாக்கப்பட்டுவிட்டன. படம் எடுக்கப்பட்டபோது இரண்டுமே உலகில் இல்லை.

மெய்ப்பொருளைக் காட்டினால் மெய்யான வரலாற்றைக் காட்டியதாகிவிடும் என்னும் நம்பிக்கை இவ்வுரிமைகோரலுக்குப் பின்னால் உள்ளது. அந்நம்பிக்கை சரியன்று என்பதற்குப் பிறிதொரு படம் எதிர்முனையில் சான்றாகிறது. பைரன் ஹாஸ்கின் இயக்கிய ‘டென்வர் அண்ட் ரியோ கிராண்டே’ (1952) என்னும் படத்திற்காக, 1951இல் கொலராடோ மாநிலத்தின் மலைப்பாதையில் இரண்டு மெய்யான நீராவி எஞ்சின்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதவிடப்பட்டுச் சிதைக்கப்பட்டன. இடம் மெய், எஞ்சின் மெய், மோதலும் மெய். ஆயினும் அக்காட்சி ஒரு வேடிக்கையாகவே நிற்கிறது. மோதலுக்கு முன்னும் பின்னும் அவ்வெஞ்சின்கள் கதைமாந்தரின் உள்ளத்தோடு எவ்வகையிலும் பிணைக்கப்படாமையே இதற்குக் காரணம். கருப்பொருள் உரிப்பொருளோடு சேராதபோது அது எவ்வளவு அரிதாயினும் அணிகலனாக மட்டுமே எஞ்சும்.

அதே 1951ஆம் ஆண்டில், கலிஃபோர்னியாவில் மற்றோர் எஞ்சின் படப்பிடிப்புக்கு வந்தது. திரையில் அது தோன்றுவது மிகச் சிறிது நேரமே.

‘ஹை நூன்’: பொழுதே முதற்பொருள்

‘ஹை நூன்’ படத்தின் கதை சுருக்கமானது. காவல் அதிகாரி வில் கேன் தம் திருமண நாளன்று பதவியிலிருந்து விலகி, மனைவி ஏமியுடன் ஊரைவிட்டுப் புறப்பட ஆயத்தமாகிறார். அவரால் சிறைக்கு அனுப்பப்பட்ட ஃபிராங்க் மில்லர் விடுதலை பெற்று நண்பகல் இரயிலில் வருகிறான் என்னும் செய்தி வருகிறது. மில்லரின் கூட்டாளிகள் மூவர் நிலையத்தில் காத்திருக்கின்றனர். கேன் ஊராரிடம் துணை வேண்டுகிறார், எவரும் முன்வரவில்லை. ஏறத்தாழ 85 நிமிடங்கள் ஓடும் இப்படத்தில் கதைக்குள் கடக்கும் நேரமும் பெரும்பாலும் அவ்வளவே. சுவர்க் கடிகாரங்கள் மீண்டும் மீண்டும் காட்டப்படுகின்றன.

பாலைத்திணைக்குரிய பொழுதாக நண்பகலையும் வேனிலையும், அதற்குரிய ஒழுக்கமாகப் பிரிவையும் தொல்காப்பியம் வகுக்கிறது. நிழல் சுருங்கி, வழி நீண்டு, ஒதுங்க இடமில்லாத பொழுது நண்பகல். ஜின்னமனின் படம் இப்பொழுதைத் தலைப்பாகவே கொண்டுள்ளது. இதனினும் நோக்கத்தக்கது இரயிலின் இரட்டைப் பணி. மில்லரைக் கொண்டுவரும் அதே இரயில்தான் ஏமியை அழைத்துச் செல்லவும் இருக்கிறது. வன்முறையைத் தன் சமய நம்பிக்கையால் மறுக்கும் ஏமி, கணவன் போரிடுவதாயின் தான் பிரிந்துவிடுவதாகக் கூறி நண்பகல் இரயிலுக்குச் சீட்டு வாங்குகிறாள். ஆகவே இரயிலின் வரவு, பகைவனின் வருகையும் மனைவியின் பிரிவும் ஒருங்கே நிகழும் கணமாகிறது. ஓர் இயந்திரம் இவ்வாறு ஒரே அசைவில் பகையையும் பிரிவையும் சுமப்பது வெஸ்டர்ன் படங்களில் அரிது.

இவ்வளவு பொருளைச் சுமக்கும் இரயிலை இயக்குநர் எவ்வாறு காட்டுகிறார்? பெரும்பகுதி நேரம் காட்டவே இல்லை. தொடுவானம் வரை நேராக ஓடும் வெறும் தண்டவாளங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கேன் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறார். தண்டவாளம் அசைவின்றிக் கிடக்கிறது. இவ்வசைவுக்கும் அசைவின்மைக்கும் இடையிலான இழுவிசையே படத்தின் கட்டமைப்பு. அதற்கு ஏற்ற இடம் தேவைப்பட்டது. மத்திய கலிஃபோர்னியாவின் ஓக்டேல் நகரை அடுத்த வார்னர்வில் என்னும் சமவெளியில், சியர்ரா இரயில்வேயின் பாதையில், நிலையக் காட்சிகள் எடுக்கப்பட்டன. மலையோ மரச்செறிவோ குறுக்கிடாத புல்வெளி அது. மலைப்பாங்கான இடமாயின் இரயில் ஒரு வளைவில் திடீரெனத் தோன்றும்; திடுக்கிடலாம், காத்திருக்க இயலாது. சமவெளியில் புள்ளியாகத் தோன்றும் புகை வளர்ந்து வளர்ந்து எஞ்சினாகிறது. காத்திருத்தலைக் கண்ணால் காணும் பொருளாக்கியது அந்நிலமே.

ஒளிப்பதிவாளர் ஃபுளாய்டு கிராஸ்பி வானத்தை அழகுபடுத்தும் வடிகட்டிகளைத் தவிர்த்தார். மேகத் திரள்கள் அற்ற, வெளிறிய வானம் கிடைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தின் மேத்யூ பிரேடி நிழற்படங்களை ஒத்த தோற்றத்தையே இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் நாடினர். வெஸ்டர்ன் படங்கள் வழக்கமாகத் தரும் எழில்வானம் இங்கு இல்லாமையால், நண்பகலின் கொடுமை முகங்களில் நேரடியாக விழுகிறது.

அந்த இரயிலை இழுத்து வந்தது சியர்ரா இரயில்வேயின் 3ஆம் எண் எஞ்சின். நியூஜெர்சி மாநிலம் பேட்டர்சனில் இருந்த ரோஜர்ஸ் தொழிற்சாலையில் 1891இல் செய்யப்பட்டு, அரிசோனாவில் ஓர் இரயில் நிறுவனத்திடம் பணியாற்றி, 1897இல் சியர்ரா இரயில்வேக்கு வந்தது. 1929இல் வெளிவந்த ‘தி வர்ஜீனியன்’ படத்தில் இதே எஞ்சின் தோன்றியது. அப்படத்தின் நாயகரும் ‘ஹை நூன்’ நாயகரான கேரி கூப்பரே. 1951இல் மீண்டும் ஒரே படத்தில் இணைந்தபோது கூப்பருக்கு வயது 50, எஞ்சினுக்கு 60. 1930களில் ஒதுக்கி வைக்கப்பட்ட அவ்வெஞ்சின் 1948இல்தான் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. இளைத்துக் களைத்த கேனின் முகமும் மூத்த இயந்திரத்தின் வரவும் ஒன்றுக்கொன்று அன்னியமாகத் தோன்றாமைக்கு இவ்வயதும் ஒரு காரணமாகலாம்.

தண்டவாளத்தின் நடுவே கேமராவை வைத்து, எதிர்வரும் இரயிலைப் படமாக்கிய நிகழ்வை ஜின்னமன் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். எஞ்சினிலிருந்து கரும்புகை எழுந்தபோது அது காட்சிக்கு அழகு சேர்ப்பதாகவே படக்குழுவினர் எண்ணினர். தடை சரியாகப் பிடிக்கவில்லை என்பதற்கான அறிகுறியே அப்புகை. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் கடைசிக் கணத்தில் விலகித் தப்பினர், கேமரா நொறுங்கியது, படச்சுருள் தப்பியது. இந்நிகழ்வைச் சுவைக்காக மட்டும் நினைவுகூர வேண்டியதில்லை. எஞ்சினின் புகை, அதனை இயக்குவோர்க்கு ஒரு மொழி. பார்ப்போர்க்கு ஓர் ஓவியம். பழைய இயந்திரங்களைத் திரையில் காணும் நாம் பெரும்பாலும் ஓவியத்தைக் கண்டு மொழியைத் தவறவிடுகிறோம்.

லியோனியின் படம்: நிலமும் நீரும்

‘ஹை நூன்’ வெளிவந்து 16 ஆண்டுகளுக்குப் பின் வந்த லியோனியின் படம், அதே காட்சியோடு தொடங்குகிறது. ஓர் ஒதுக்குப்புற இரயில் நிலையம். இரயிலுக்காகக் காத்திருக்கும் மூன்று கொலையாளிகள். முந்தைய படத்தைப் பார்வையாளர் நினைவுகூர வேண்டும் என்பதே இயக்குநரின் கருத்து. ஆயின் ஜின்னமன் கடிகாரத்தால் அளந்த காத்திருப்பை லியோனி உடலால் அளக்கிறார். காற்றாடியின் கிறீச்சொலி, முகத்தில் ஊரும் ஈ, சொட்டும் நீர் என்று பத்து நிமிடங்களுக்கும் மேல் இக்காட்சி நீள்கிறது.

இவற்றுள் நீர்த்துளி குறித்துத் தனியே பேச வேண்டும். உடி ஸ்ட்ரோடு என்னும் கறுப்பின நடிகர் ஏற்ற பாத்திரம், எஞ்சினுக்கு நீர் நிரப்பும் உயரமான தொட்டியின் கீழ் நிற்கிறது. தொட்டியிலிருந்து கசியும் நீர் அவரது மழித்த தலையில் சொட்டுகிறது. அவர் நகரவில்லை, தொப்பியை அணிந்துகொள்கிறார். தொப்பியின் விளிம்பில் நீர் சேர்கிறது. இரயில் வரும் ஓசை கேட்டதும் தொப்பியைக் கழற்றி அந்நீரை அருந்துகிறார். எஞ்சினுக்கென வைக்கப்பட்ட நீரை மனிதன் குடிக்கிறான். படம் முழுவதும் விரியப்போகும் பொருள் இத்துளியில் அடங்கியுள்ளது.

அப்பொருள் யாது? பிரெட் மெக்பெயின் என்பவர் பாலைவனத்தின் நடுவே நிலம் வாங்கி, அதற்கு ‘ஸ்வீட்வாட்டர்’, அஃதாவது நன்னீர் என்று பெயரிட்டு, ஊராரின் ஏளனத்திற்கு ஆளாகி வாழ்கிறார். அந்நிலத்தில் கிணறு உண்டு. சுற்றுவட்டாரத்தில் வேறு நீர் இல்லை. மேற்கு நோக்கி வரும் இருப்புப்பாதை ஒருநாள் அவ்வழியே வந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. நீராவி எஞ்சினுக்குக் கரியோ விறகோ மட்டும் போதாது. கொதிகலனின் நீர் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருப்பதால், சில பத்து மைல்களுக்கு ஒருமுறை நின்று நீர் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆகவே பாலைவழியில் இரயில் நிலையம் எங்கே அமையும் என்பதை நீரே முடிவு செய்கிறது. நிலையம் அமையும் இடத்தில் ஊர் எழும். ஊர் எழுந்தால் நிலத்தின் மதிப்பு உயரும். மெக்பெயின் குடும்பத்தோடு கொல்லப்படுவதும், அவர் மணந்த ஜில் அந்நிலத்தைக் காக்கப் போராடுவதும், நிலையம் எழுப்புவதற்கென வாங்கிக் குவித்த மரங்களிடையே ‘நிலையம்’ என்று எழுதிய பலகை கிடைப்பதும் இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

வெஸ்டர்ன் படங்களில் இரயில் பெரும்பாலும் கொள்ளைக்குரிய பொருளாகவும் துரத்தலுக்குரிய களமாகவும் வரும். லியோனியின் படத்தில் அது தாகமுள்ள ஓர் உயிர். இரயில் நிறுவன முதலாளி மார்ட்டன் எலும்புருக்கி நோயால் நடக்க இயலாதவர். தம் தனிப்பெட்டிக்குள் கம்பிகளைப் பற்றியபடி நகர்பவர். அட்லாண்டிக் கரையில் தொடங்கிய பாதை பசிபிக் கரையை அடைவதைக் காண வேண்டும் என்பது அவரது ஒரே வேட்கை. இறுதியில் அவர் ஒரு சேற்றுக்குட்டையை நோக்கி ஊர்ந்து சென்று இறக்கிறார். ஒலிப்பதிவில் கடலலை கேட்கிறது. தொப்பி விளிம்பில் நீர், கிணற்றில் நீர், குட்டையில் நீர், கனவில் கடல் என்று ஒரே கருப்பொருள் படத்தின் எல்லா மாந்தரையும் கட்டுகிறது. படத்தின் இறுதியில் தண்டவாளம் ஸ்வீட்வாட்டரை எட்டுகிறது. ஜில் வெளியே வந்து பாதை அமைக்கும் தொழிலாளர்க்கு நீர் வழங்குகிறாள்.

பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நிலம் ஒரு நிலைத்த பொருளன்று, அது ஒரு நிலை. மாறக்கூடியது என்னும் கருத்து இதில் உண்டு. லியோனியின் படம் இத்திரிபை எதிர்த்திசையில் காட்டுகிறது. பாலையாகக் கிடந்த நிலம், நீரும் இரும்பும் சேர்ந்ததால் ஊராகத் திரிகிறது. ஆறலைப்போர்க்கு உரியது பாலை. ஆகவே அது ஊராகும்போது, அந்நிலத்துக்குரிய மூன்று ஆடவரும் அங்கே இருக்க இயலாது. ஃபிராங்க் கொல்லப்படுகிறான், ஷயேன் இறக்கிறான், ஹார்மோனிக்கா வாசிப்பவன் நீங்கிச் செல்கிறான். வீரர்களின் மறைவை இப்படம் அறத்தால் விளக்கவில்லை. திணை மாற்றத்தால் விளக்குகிறது.

ஸ்பெயினின் தண்டவாளங்கள்

இவ்வளவு நுட்பமாக நீராவி இரயிலைப் புரிந்துகொண்ட படத்தின் இரயில்கள் அமெரிக்க இரயில்களே அல்ல. தொடக்க நிலையமும் ஃபிளாக்ஸ்டோன் என்னும் ஊரும் தென் ஸ்பெயினின் கிரனடா மாகாணத்தில், குவாதிக்ஸ் நகரையடுத்த லா கலஹோரா அருகே, இயங்கிக்கொண்டிருந்த இருப்புப்பாதையை ஒட்டி எழுப்பப்பட்டன. மெக்பெயினின் வீடு அல்மேரியா மாகாணத்தின் தபர்னாஸ் வறள்நிலத்தில் கட்டப்பட்டது. அவ்வீடு இன்றும் சுற்றுலாத் தலமாக நிற்கிறது. அரங்க அமைப்பாளர் கார்லோ சிமி. ஒளிப்பதிவாளர் தொனினோ தெல்லி கொல்லி. பிராங்கோ ஆட்சிக்கால ஸ்பெயினில் செலவு குறைவு என்பதும், வறண்ட நிலமும் தெளிந்த ஒளியும் ஆண்டு முழுவதும் கிடைத்தன என்பதும் இத்தாலியப் படக்குழுக்களை அங்கு ஈர்த்தன.

ஸ்பெயினின் அகல இரயில் பாதை ஏறத்தாழ 1,670 மி.மீ. அகலம் கொண்டது, அமெரிக்கப் பாதையின் அகலம் 1,435 மி.மீ. தண்டவாளங்களுக்கு இடையே அமெரிக்காவில் இருந்திருக்க முடியாத ஒரு சாண் அகலம் இப்படத்தில் கூடுதலாக உள்ளது. நம் நாட்டு அகலப்பாதை 1,676 மி.மீ. ஆதலின், இந்தியப் பார்வையாளர்க்கு இவ்வகலம் இயல்பாகவே தோன்றும். பிழை காணும் அணுகுமுறை இத்தகைய செய்திகளோடு நின்றுவிடும். நாம் மேற்செல்ல வேண்டிய இடமும் இதுவே.

1968இல் ஸ்பெயினில் நீராவி எஞ்சின்கள் அரும்பொருளாகிவிடவில்லை. அந்நாட்டின் தேசிய இரயில்வேயில் நீராவியின் பணி 1975இல்தான் முடிவுற்றது. 1951இல் சியர்ரா இரயில்வேயிலும் நீராவி எஞ்சின்கள் சரக்குப் பணியில் இருந்தன. டீசல் எஞ்சின்கள் அங்கு 1955இல் வந்தன. ஆக, இவ்விரு படங்களும் நீராவியின் உழைப்பு முற்றிலும் ஓயாத, ஓயப்போகின்ற ஆண்டுகளில், அவ்வுழைப்பு நிகழ்ந்துகொண்டிருந்த பாதைகளில் எடுக்கப்பட்டன. அவற்றின் இரயில்கள் அழுக்கும் கனமும் உடையவை. மெருகிட்டுக் காட்சிக்கு வைத்த பொருளுக்கு அக்கனம் எளிதில் வாய்ப்பதில்லை. லா கலஹோராவின் அகலமான தண்டவாளம் ஆவணம் என்னும் நிலையில் பிழையே. ஆயின் எஞ்சினின் எடையையும் தாகத்தையும் அது பொய்யின்றிச் சுமக்கிறது.

காலத்தைப் பொறுத்தும் இவ்வாறே கூறலாம். 1891இல் பிறந்த 3ஆம் எண் எஞ்சின், 1885இல் நிகழும் கதையைக் கொண்ட ‘பேக் டு த ஃபியூச்சர்’ மூன்றாம் பாகத்திலும் (1990), 1880களின் தொடக்கத்தில் நிகழும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘அன்ஃபர்கிவன்’ படத்திலும் (1992) தோன்றுகிறது. தான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அது ஓடுகிறது. இக்கால மயக்கத்தால் அப்படங்கள் எதையும் இழக்கவில்லை. மாறாக, படங்களில் தோன்றிப் புகழ்பெற்றமையே அவ்வெஞ்சின் உடைபடாமல் எஞ்சியதற்கு ஒரு முதன்மைக் காரணம். பெரும் பழுதுபார்ப்புக்குப் பின் 2010இல் அது மீண்டும் ஓடத் தொடங்கியது. ஜேம்ஸ்டவுனில் உள்ள கலிஃபோர்னியா மாநில வரலாற்றுப் பூங்காவில் பாதுகாக்கப்படுகிறது.

நில மயக்கமும் அதன் விலையும்

திணைகள் மயங்கலாம், ஆயின் நிலங்கள் ஒருங்கே மயங்குதல் இல்லை என்பது அகத்திணையியல் கூறும் வரையறை. நிலம் மயங்காது எனவே காலம் மயங்கும் எனக் கொள்ளும் போக்கு உரை மரபில் உண்டு. இவ்வரையறையை விதியாகத் திரைப்படத்தின்மேல் சுமத்த வேண்டியதில்லை. எனினும் அது எழுப்பும் ஐயம் பயனுடையது: கால மயக்கத்தை எளிதில் பொறுத்துக்கொள்ளும் நாம், நில மயக்கத்தையும் அவ்வாறே பொறுத்துக்கொள்ளலாமா?

ஃபிளாக்ஸ்டோன் நிலையத்தில் இறங்கும் ஜில், குதிரைவண்டியில் ஸ்வீட்வாட்டருக்குப் பயணமாகிறாள். நிலையம் இருப்பது ஸ்பெயினில். வழியில் திடீரென அரிசோனா–யூட்டா எல்லையிலுள்ள மான்யுமென்ட் பள்ளத்தாக்கின் செம்பாறைகள் எழுகின்றன. மொரிக்கோனியின் இசை உயர்கிறது. பயணம் முடியும் வீடு மீண்டும் ஸ்பெயினில். ஒரு பெருங்கடல் ஒரு வெட்டில் கடக்கப்படுகிறது. ‘ஸ்டேஜ்கோச்’ (1939) முதலாக ஜான் ஃபோர்டு தம் படங்களில் திரும்பத் திரும்பக் காட்டிய நிலம் அது. லியோனி அதனைத் தம் ஆசானுக்குச் செய்யும் வணக்கமாகச் சேர்த்தார். காட்சியின் பெருமிதம் மறுக்கத்தக்கதன்று.

ஆயின் அந்தப் பள்ளத்தாக்கு நவஹோ மக்களின் நிலம். 1864இல் அம்மக்கள் படைவலிமையால் நெடுந்தொலைவு நடத்திச் செல்லப்பட்டு, 1868 உடன்படிக்கைக்குப் பின்னரே தம் நிலத்தின் ஒரு பகுதிக்குத் திரும்பினர். அப்பள்ளத்தாக்கின் ஊடே இருப்புப்பாதை எதுவும் சென்றதில்லை. படம் அந்நிலத்தின் தோற்றத்தை எடுத்துக்கொள்கிறது; மக்களை விட்டுவிடுகிறது. தொடக்கக் காட்சியில் நிலையத்தைவிட்டு விலகியோடும் ஒரு பழங்குடிப் பெண்ணைத் தவிர, இந்நிலம் முன்பு எவருடையது என்னும் வினாவுக்குப் படத்தில் விடையாக எவரும் நிற்பதில்லை. மெக்பெயின் வாங்கிய நிலத்தை அவருக்கு முன் வைத்திருந்தோர் யார் என்று படம் கேட்பதில்லை. நீரின் மேல் யாருக்கு உரிமை என்பதையே பொருளாகக் கொண்ட படத்தில் இவ்வினா எழாமை ஒரு குறையே. இக்குறை தண்டவாளத்தின் அகலத்தைப் போன்றதன்று. படத்தின் உரிப்பொருளையே தொடுவது. பாறைகள் அரங்கப் பொருளாகப் பெயர்க்கப்பட்டபோது, அப்பாறைகளுக்குரிய மக்கள் உடன்வரவில்லை.

‘ஹை நூன்’ படத்திலும் நில மயக்கம் உண்டு. நிலையம் வார்னர்வில்லில், ஊர்த்தெருவின் பெரும்பகுதி பர்பேங்க் நகரின் ஸ்டுடியோ வளாகத்தில். இவை யாவும் ஒரே மாநிலத்தின் எளிய இடங்கள். எதுவும் தன் பெயரால் புகழ்பெற்ற நிலக்காட்சியன்று. ஆதலின் இம்மயக்கம் கண்ணை உறுத்துவதில்லை. இதனினும் முக்கியமானது ஹெலன் ராமிரஸ் என்னும் மெக்சிகப் பெண் பாத்திரம். அத்தகைய ஊரில் ஒரு மெக்சிகப் பெண்ணாக வாழ்வதன் துயரை அவள் வெளிப்படையாகவே பேசுகிறாள். தன் கடையை விற்றுவிட்டு அதே நண்பகல் இரயிலில் ஊரைவிட்டு நீங்குகிறாள். துப்பாக்கி ஓசை கேட்டதும் ஏமி இரயிலிலிருந்து இறங்கி ஓடுகிறாள். ஹெலன் இறங்கவில்லை. அந்த இரயில் ஊரின் பழைய அநீதி ஒன்றையும் சேர்த்து ஏற்றிச் செல்கிறது. நிலத்தின் பரப்பால் சிறியதான ஜின்னமனின் படம், நிலத்துக்குரிய மனிதரைக் காட்டுவதில் லியோனியின் படத்தை விஞ்சுகிறது.

முடிவுரை

பழங்காலத்தைக் காட்டும் திரைப்படத்தில் இடமும் எஞ்சினும் மெய்யானவை என்பது மட்டுமே அதற்குச் சிறப்பாகாது. கொலராடோவில் மோதிச் சிதைந்த இரு எஞ்சின்களும் மெய்யானவையே. அவை கதைமாந்தரின் காத்திருத்தலையோ பிரிவையோ தாகத்தையோ தாங்கும்போதே கலைப்பொருளாகின்றன. ‘ஹை நூன்’ பொழுதை முதன்மையாகக் கொண்டு, இரயிலின் வரவைப் பிரிவின் கணமாக்குகிறது. லியோனியின் படம் நிலத்தையும் நீரையும் முதன்மையாகக் கொண்டு, எஞ்சினின் தாகத்தைக் கதையின் வித்தாக்குகிறது. எஞ்சினின் ஆண்டிலும் தண்டவாளத்தின் அகலத்திலும் நேரும் பிழைகள் இவற்றின் தரத்தைக் குறைப்பதில்லை.

நில மயக்கம் இவ்வாறு எளிதில் கடக்கத்தக்கதன்று. ஒரு நிலத்தின் தோற்றத்தை மட்டும் பெயர்த்தெடுக்கும்போது அந்நிலத்து மக்களும் அவர்தம் உரிமையும் பார்வையிலிருந்து நீங்கிவிடுகின்றனர். திரைப்படத்தின் படப்பிடிப்பிடங்களை ஆராய்வோர் ‘இது எங்கே எடுக்கப்பட்டது’ என்பதோடு ‘அங்கே வாழ்ந்தோர் படத்தில் எங்கே’ என்பதையும் கேட்டல் வேண்டும். தமிழ்த் திரைப்படங்களின் பாடல் காட்சிகளுக்கும் கிராமக் களங்களுக்கும் இவ்வினாவை நீட்டினால், நம் திறனாய்வு ‘பின்னணி’ என்று ஒதுக்கிய பலவும் முதற்பொருளாக முன்வரும். அதற்கான கருவி நம் இலக்கணத்திலேயே உள்ளது.